சர்வர் ஏன் திணறுகிறது?

மாணவர்களே, 2021 மே 26 நண்பகலில் அஸ்ட்ராசெனெகா தடுப்பூசிக்கான முன்பதிவு திறக்கப்பட்டதும், ஏராளமானோர் ஒரே நேரத்தில் நுழைய, அரசாங்க இணையத்தளம் திணறியது. ஏன்?

ஈப்போ ரயில் நிலையத்தில் ஒரே ஒரு டிக்கெட் முகப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரியாக 1 நிமிடம். மணிக்கு 60 பேரைக் கவனிக்கலாம். நேர ஒழுங்கின்றி மக்கள் வரும்போது, ஒருவர் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி முடிக்கும் சராசரி நேரம்:

1 ÷ (கவனிக்கக்கூடியோர் − வருவோர்) மணி.

மணிக்கு 50 பேர் வந்தால் 1 ÷ 10 மணி, அதாவது 6 நிமிடம். 59 பேர் வந்தால் 60 நிமிடம்!

சர்வரும் அப்படித்தான். சுமை எல்லையை நெருங்கும்போது தாமதம் திடீரென எகிறும். 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் வரிசையில் இன்னோர் ஆள் சேருகிறார். எனவே, எஸ்பிஎம் முடிவு நாளில் சற்றுப் பொறுங்கள்.