முறைப்பாட்டுக் கடிதம்: விளம்பரத்தில் இருந்தது, விடுதியில் இல்லாதது

கடிதப் பகுதியில் வேண்டுகோள் கடிதம், விண்ணப்பக் கடிதம், முறைப்பாட்டுக் கடிதம் என்பன அடிக்கடி வரும். இவற்றுள் முறைப்பாட்டுக் கடிதத்திலேயே மாணவர்கள் அதிகம் புள்ளிகளை இழக்கின்றனர். காரணம் எழுத்துப்பிழை மட்டுமன்று. முறைப்பாட்டை வேண்டுகோளாக எழுதிவிடுகின்றனர்.

இதற்கு நமது பகுதியில் ஒரு பழைய காரணம் உண்டு. லயத்துக் கூரை ஒழுகினாலும் குடிநீர் வராவிட்டாலும் தோட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் "தயவுகூர்ந்து", "பெரிய மனது வைத்து" என்றே தொடங்கின. தொரைக்கு எழுதிய அந்த நடையே வீட்டில் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் பணம் கொடுத்து ஒன்றை வாங்கியவர், வாக்களித்தது கிடைக்காதபோது கெஞ்ச வேண்டியதில்லை. வேண்டுகோள் என்பது இல்லாத ஒன்றைக் கேட்பது. முறைப்பாடு என்பது தருவதாகச் சொல்லிப் பணமும் பெற்றுக்கொண்ட ஒன்றைக் கேட்பது. இந்த வேறுபாடு மனதில் பதிந்தால் பாதிக் கடிதம் எழுதி முடிந்தது போலத்தான்.

மாதிரி வினா:

"நீர் பசறைப் பகுதித் தோட்டமொன்றில் வசிப்பவர். உமது குடும்பத்தினர் பாடசாலை விடுமுறையில் எல்ல நகரிலுள்ள தங்கு விடுதியொன்றில் அறையொன்றை முற்பதிவு செய்து தங்கினர். விளம்பரத்தில் கூறப்பட்ட வசதிகள் அங்கு இருக்கவில்லை. இது குறித்து விடுதியின் முகாமையாளருக்கு முறைப்பாட்டுக் கடிதமொன்று எழுதுக."

முதலில் சொல்லைக் கவனியுங்கள். நம் ஊரில் ஹோட்டல் என்றால் சோற்றுக்கடையும் ஹோட்டல்தான். விடுதி என்றால் பாடசாலை விடுதியும் விடுதிதான். எனவே "தங்கு விடுதி" என்றே எழுதுங்கள். குழப்பம் வராது.

அடுத்து, எது குறைபாடு, எது குறைபாடு அல்ல என்று பிரித்தறிய வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "மலைக்காட்சி தெரியும் அறை" என்று விளம்பரம் சொல்கிறது. நீங்கள் போன அன்று எல்லக் கணவாய் முழுவதும் பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. இது விடுதியின் குற்றமன்று. ஆனால் யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரிகிறது என்றால் அது முறைப்பாட்டுக்குரியது. "மிகச் சிறந்த உபசரிப்பு", "சொகுசான அறை" போன்றவை அளந்து பார்க்க முடியாத சொற்கள். அவற்றின் மீது முறைப்பாட்டைக் கட்டினால் நிற்காது. "சுடுநீர் உண்டு", "நான்கு கட்டில்கள்", "காலை உணவு உட்பட" என்பவை இருக்கின்றனவா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. அவற்றையே பிடித்துக்கொள்ளுங்கள். விலையிலும் கவனம் தேவை. விளம்பரத்தில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனியே சேரும் என்பது பொருள். அதைப் பார்க்காமல் "கூடுதலாகப் பணம் பறித்தார்கள்" என்று எழுதக் கூடாது.

நட்சத்திரம் பற்றியும் ஒரு சொல். ஹோட்டல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரையான நட்சத்திரத் தரங்களை வழங்குவது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. விடுதிக்காரர் தாமே பலகையில் மூன்று நட்சத்திரங்களை வரைந்துகொண்டால் அது தரமாகிவிடாது.

இனி மாதிரிக் கடிதத்தைப் படியுங்கள். வினாவில் பெயர், முகவரி தரப்பட்டிருந்தால் அவற்றையே எழுத வேண்டும். உங்கள் சொந்தப் பெயரை எழுத வேண்டாம்.

இல. 12, மேற்பிரிவு,
............ தோட்டம்,
பசறை.
2024.08.20

முகாமையாளர்,
............ தங்கு விடுதி,
எல்ல.

ஐயா,

2024.08.17 அன்று முற்பதிவு செய்த குடும்ப அறையில் விளம்பரப்படுத்திய வசதிகள் வழங்கப்படாமை

மேற்படி தினத்தில் எமது குடும்பத்தினர் நால்வர் தங்குவதற்காகத் தங்கள் விடுதியில் குடும்ப அறையொன்றை முற்பதிவு செய்து, ரூபா 18,000ஐ முழுமையாகச் செலுத்தினோம். பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

தங்கள் விளம்பரத்தில் அவ்வறையில் நான்கு கட்டில்களும் சுடுநீர் வசதியும் உண்டு எனவும், கட்டணத்தில் காலை உணவு அடங்கும் எனவும் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் அறையில் இரண்டு கட்டில்களே இருந்தன. மற்றைய இருவருக்கும் தரையில் மெத்தை விரிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் 68 வயதான எனது பாட்டி. சுடுநீர் வரவில்லை. மாலை 6.30 மணியளவில் வரவேற்புக் கூடத்தில் இதனைத் தெரிவித்தோம். திருத்தித் தருவதாகக் கூறப்பட்ட போதிலும் மறுநாள் நாம் வெளியேறும் வரை திருத்தப்படவில்லை. சமையலாளர் வரவில்லை எனக் கூறிக் காலை உணவும் வழங்கப்படவில்லை. நகரில் ரூபா 2,400 செலவிட்டு உணவு வாங்க நேர்ந்தது.

தங்கள் விலைப்பட்டியலின்படி இரண்டு கட்டில்கள் கொண்ட அறையின் ஒருநாள் கட்டணம் ரூபா 12,000 ஆகும். எனவே மேலதிகமாகப் பெறப்பட்ட ரூபா 6,000ஐயும் உணவுக்குச் செலவான ரூபா 2,400ஐயும் சேர்த்து ரூபா 8,400ஐ இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கோருகின்றேன். தவறும் பட்சத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிட நேரிடும் என்பதையும் அறியத் தருகின்றேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
............

இணைப்பு: பற்றுச்சீட்டு, விளம்பரம், விலைப்பட்டியல், உணவுக் கடைப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகள்

இந்தக் கடிதத்தில் கோபச் சொல் ஒன்றுகூட இல்லை. "ஏமாற்றுக்காரர்", "மோசடி" என்று எழுதாமலே விடயம் சொல்லப்பட்டுவிட்டது. முதலில் விளம்பரம் சொன்னது, பக்கத்திலேயே கண்டது. வாசிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுத் தானே முடிவுக்கு வருவார். பாட்டியின் வயதை ஓரிடத்தில் மட்டும் சொன்னதைக் கவனித்தீர்களா? அதை இன்னும் நான்கு வரிக்கு நீட்டி அழுதிருந்தால் கடிதம் மீண்டும் பெட்டிசமாகியிருக்கும்.

8,400 என்ற தொகை வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் பாருங்கள். "தகுந்த நட்டஈடு தருக" என்று எழுதும் மாணவர்களே அதிகம். தகுந்தது எது என்று எழுதியவருக்கே தெரியாவிட்டால் முகாமையாளர் எப்படித் தருவார்? சுடுநீருக்குத் தனித் தொகை கேட்கவில்லை. அதை விலைப்பட்டியலைக் கொண்டு கணக்கிட முடியாது. ஆனால் கோரிக்கைக்கு அது வலுச் சேர்க்கிறது. குறையை அன்றைக்கே தெரிவித்த நேரமும் முக்கியம். தங்கியபோது வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தபின் எழுதினால், "அப்போதே சொல்லியிருந்தால் திருத்தியிருப்போமே" என்று அவர்கள் இலகுவாகத் தப்பிவிடலாம்.

வரவேற்புக் கூடத்தில் நின்றவரைப் பெயர் சொல்லித் திட்டாததும் வேண்டுமென்றே செய்ததுதான். எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை விடுதிகளில் வேலை செய்வோரில் நமது தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. கட்டில் வாங்காமல் விட்டது அறை துடைக்கும் பையனின் முடிவல்ல. கடிதம் முடிவெடுப்பவருக்கே போக வேண்டும்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். அதன் 30ஆம் பிரிவு வர்த்தகர் மக்களைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. சேவை குறிப்பிட்ட தரத்தினது என்று பொய்யாகக் காட்டுவதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. 13ஆம் பிரிவின்படி, அளித்த உத்தரவாதத்துக்கு அமையாத சேவை பற்றிய முறைப்பாட்டை எழுத்தில், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். நமது மாதிரிக் கடிதத்தில் வரும் குடும்பத்துக்கு நவம்பர் நடுப்பகுதியுடன் அந்தக் காலம் முடிந்துவிடும். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லலாம். ஆனால் எழுத்து முறைப்பாட்டையும் கட்டாயம் அனுப்பிவிடுங்கள். சில ஆவணங்களில் இதே சபையைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை என்றும் எழுதுவர், இரண்டும் ஒன்றே. விடுதியின் பதிவு, நட்சத்திரத் தரம் பற்றியதாயின் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1912.

"சிங்களத்தில் எழுதினால்தான் பார்ப்பார்களா, சேர்?" என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். தமிழில் எழுதலாம். 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நாட்டின் எப்பகுதியில் வாழ்ந்தாலும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் அங்கிருந்து பதில் பெறவும் உரிமை அளிக்கிறது. ஆனால் தனியார் விடுதிக்கு இந்தக் கடப்பாடு இல்லை. அங்கு முகாமையாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் ஒரு சிங்கள அல்லது ஆங்கிலப் பிரதியையும் சேர்த்து அனுப்புவது புத்திசாலித்தனம். திகதியும் தொகையும் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் சிட்டையை வைத்திருங்கள்.

பயிற்சி

1. கதிர்காமத் திருவிழாக் காலத்தில் பத்துப் பேருக்கு முற்பதிவு செய்த அறைகளை, நீங்கள் போய்ச் சேர்ந்தபோது வேறொரு குழுவினருக்குக் கொடுத்துவிட்டதாக விடுதியில் கூறினர். முற்பணமாக ரூபா 15,000 செலுத்தியுள்ளீர். முகாமையாளருக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுக.

2. மேலேயுள்ள மாதிரிக் கடிதத்தைப் பெற்ற முகாமையாளர் நீர் எனக் கொண்டு பதில் கடிதம் எழுதுக. எந்தக் குறையை ஏற்றுக்கொள்வீர், எதற்கு விளக்கமளிப்பீர் என்பதை முதலில் தனித்தாளில் குறித்துக்கொள்க.