தேடியதை நினைவில் வைக்கும் கெர்னல்

மாணவி ஒருத்தி தன் கணினியில் ‘பள்ளி’ என்னும் கோப்புறைக்குள் இருக்கும் ‘தமிழ்’ கோப்புறையிலிருந்து ‘கட்டுரை’ என்ற கோப்பைத் திறக்கிறாள். கண்ணிமைக்கும் நேரத்தில் அது திரையில் தோன்றுகிறது. அதற்குள் இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னல் ஒரு நெடிய தேடலை முடித்திருக்கும். முதலில் ‘பள்ளி’யைக் கண்டறிய வேண்டும், அதனுள் ‘தமிழ்’, அதனுள் ‘கட்டுரை’. ஒவ்வொரு படியிலும் அந்தப் பெயர் உள்ளதா, உள்ளே செல்ல அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

சுழலும் வன்வட்டில் ஓரிடத்தைத் தேடிப் படிக்க ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். முதன்மை நினைவகத்திலிருந்து படிக்கச் சுமார் 100 நானோவினாடி போதும். இரண்டுக்கும் இடையே 100,000 மடங்கு வேறுபாடு! எனவே, ஒருமுறை கண்டறிந்த பெயரையும் அது குறிக்கும் கோப்பையும் கெர்னல் நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. இச்சேமிப்பைக் ‘கேஷ்’ என்பர். 1986-இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸிலும் இது முக்கிய இடம் பெற்றுள்ளது.

நினைவகத்தில் இருந்தாலும், இலட்சக்கணக்கான பெயர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. ஆகவே, பெயரின் எழுத்துகளைக் கொண்டு லினக்ஸ் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. அவ்வெண் காட்டும் அறையில் மட்டும் தேடினால் போதும். ‘கட்டுரை’ என்ற பெயர் பத்துக் கோப்புறைகளில் இருக்கலாம் அல்லவா? அதனால், எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்பதும் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. ‘இல்லை’ என்ற விடையையும் கேஷ் நினைவில் வைக்கிறது. ஒரு நிரல் தொடங்கும்போது தனக்கு வேண்டிய கோப்பைப் பல கோப்புறைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடும். பெரும்பாலானவற்றில் அது இருக்காது. நூலகர் ஒருவர், “அந்த நூல் இங்கு இல்லை” என்று அலமாரிக்குச் செல்லாமலே சொல்வதைப் போன்றது இது. ஆனால், அந்த நூல் இன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தால்? நூலகர் வாசகரை வீணாகத் திருப்பி அனுப்பிவிடுவார். கெர்னலுக்கு இத்தகைய பிழை ஆகாது. தாமதமான விடையைப் பொறுத்துக்கொள்ளலாம். தவறான விடையால் நிரல் நின்றுபோகலாம். ஆதலால், கோப்பு உருவாகும்போதும் அழியும்போதும் பெயர் மாறும்போதும் கேஷில் உள்ள குறிப்பும் உடனுக்குடன் திருத்தப்படுகிறது.

குறிப்புகள் பெருகினால் நினைவகம் நிரம்பிவிடும். இடம் தேவைப்படும்போது லினக்ஸ் பழைய குறிப்புகளை நீக்கத் தொடங்கும். அண்மையில் பயன்பட்டதற்கான அடையாளம் உள்ள குறிப்புக்கு மட்டும் இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும்.

பல செயலிகள் ஒரே நேரத்தில் தேடும் பெரிய கணினிகளில் இன்னொரு சிக்கல் எழுந்தது. முன்பு, பாதையிலுள்ள ஒவ்வொரு பெயரையும் கடக்கும்போது, தான் அதைப் பயன்படுத்துவதாகச் செயலி ஒரு பதிவைச் செய்ய வேண்டியிருந்தது. எல்லாப் பாதைகளும் தொடங்கும் மூலக் கோப்புறையில் செயலிகள் வரிசைபிடித்துக் காத்திருந்தன. எதையும் மாற்ற வராமல், படிக்க மட்டுமே வந்தவர்கள் காத்திருப்பது வீண்தானே!

2011-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.38 பதிப்பில், நிக் பிக்கின் உருவாக்கிய புதிய முறை சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வரிசை எண் உண்டு. குறிப்பு மாறினால் எண்ணும் மாறும். செயலி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு, எதையும் பூட்டாமல் குறிப்பைப் படிக்கிறது. பின்னர் எண்ணை மீண்டும் பார்க்கிறது. எண் மாறவில்லையெனில் விடை சரி. மாறியிருந்தால், படித்ததைக் கைவிட்டு, பூட்டுடன் கூடிய பழைய முறையில் மெதுவாகத் தேடுகிறது.