அடுக்கு கிராஃப் கோணாமல் வர

பருத்திப்பட்டு, ஆவடி பக்கம் இன்ஜினீயரிங் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமயத்தில் கைகொடுக்கும் குறிப்புகள். உதாரணத்துக்கு செம்பரம்பாக்கம் ஏரியின் 2015 டிசம்பர் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: ஒரே கால அச்சில் மூன்று கட்டங்கள், மேலே மழை, நடுவில் நீர்மட்டம், கீழே வெளியேற்றிய நீர்.

1. கோட்டை நேராக்கும் முன் தேதியைச் சரிபாருங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்குக் குறிக்கும் மழையளவு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியது. டிசம்பர் 2 என்று தேதியிட்டுச் செம்பரம்பாக்கத்துக்குப் பதிவான 47 செ.மீ. மழை, முதல் நாள் காலையிலிருந்து பெய்தது. அதை 2ஆம் தேதியில் நட்டுவைத்தால், ஏரியைத் திறந்துவிட்ட பிறகுதான் மழையே வந்தது போலத் தெரியும். 1ஆம் தேதி 8.30 முதல் 2ஆம் தேதி 8.30 வரை அகலமான ஒரே பட்டையாகப் போடுங்கள். மணிவாரித் தரவு என்றால், அது இந்திய நேரமா, சர்வதேச நேரமா என்று பாருங்கள். கவனிக்காவிட்டால் ஐந்தரை மணி நேரம் நகர்ந்துவிடும். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

2. கிடை அச்சின் தொடக்கத்தையும் முடிவையும் மூன்றுக்கும் நீங்களே கொடுங்கள். படம் வரைய மேட்பிளாட்லிப் பயன்படுத்தினால், 'ஷேர்எக்ஸ்' போட்டுவிட்டு ஒரு கட்டத்துக்குக் கொடுத்தாலே போதும்.

3. படம் கோணுவதற்குப் பெரும்பாலும் காரணம் இடப்பக்க எண்கள். ஏரியின் முழு உயரம் 24 அடி, இரண்டே இலக்கம். வெளியேற்றமோ விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. ஐந்து இலக்கத்துக்கு இடம் தேடி, மென்பொருள் அந்தக் கட்டத்தை மட்டும் வலப்பக்கம் தள்ளிவிடும். இதற்கு இரண்டு வழி. க்னூபிளாட் மென்பொருளில் இட, வல ஓரங்களைத் திரையின் பங்காக (0.12, 0.95 என்பது போல) மூன்றுக்கும் ஒரேயளவில் நிலையாக வையுங்கள். அல்லது வெளியேற்றத்தை 'விநாடிக்கு ஆயிரம் கன அடி'யில் குறித்தால் 29 என்று முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, படிப்பவருக்கும் சுலபம்.

4. கட்டங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டாம். தேதிகள் அடிக்கட்டத்தில் மட்டும் இருக்கட்டும். ஒட்டும் இடத்தில் மேல்கட்டத்தின் பூஜ்யமும் கீழ்க்கட்டத்தின் உச்ச எண்ணும் மோதும், ஒன்றை நீக்குங்கள்.

5. நீரியல்காரர்கள் மழைப் பட்டைகளை மேலிருந்து கீழே தொங்கவிட்டு வரைவது வழக்கம். செங்குத்து அச்சைத் தலைகீழாக்கினால் வந்துவிடும். ஆனால் எந்தப் பக்கம் பூஜ்யம் என்று எண்ணோடு காட்டுங்கள்.

6. அச்சுத் தலைப்புகள் முன்னும் பின்னுமாக நின்றால், மேட்பிளாட்லிப்பில் 'அலைன் ஒய்லேபிள்ஸ்' அவற்றை ஒரே வரிசைக்குக் கொண்டுவரும்.

7. மூன்று படங்களைத் தனித்தனியாகச் சேமித்து, வேர்டில் மவுஸால் இழுத்து ஒட்டாதீர்கள். ஒரே பிடிஎஃப் அல்லது எஸ்விஜி கோப்பாக எடுங்கள். பைண்டிங்குக்கு இடப்பக்கம் கூடுதல் ஓரம் போகும் என்பதால், அந்த அகலத்தைக் கழித்துவிட்டுப் படத்தின் அளவை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். பிறகு சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும்.