மருத்துவப் படிப்புக்கு முந்தி ஓடலாமா?

அண்மையில் மாதுங்காவில் நடந்த ஒரு திருமணத்தில், அமெரிக்காவில் வாழும் என் தமக்கையின் மகள் கேட்டாள்: "மாமா, நாலு வருஷக் காலேஜை மூணே வருஷத்துல முடிச்சிட்டு மெடிக்கல் படிக்கப் போகலாம்னு இருக்கேன். சரிதானே?" பக்கத்தில் அமர்ந்திருந்த செம்பூர் நண்பர், "நம்ம பிள்ளைங்களும் இப்படி முந்திக்கலாமே, சார்!" என்றார். இருவருக்கும் அன்று சொன்னதையே வாசக அன்பர்களுக்காக இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பட்டப்படிப்பு 4 ஆண்டு. அதன்பின் மருத்துவம் 4 ஆண்டு. சேர்வதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, மூன்றாண்டில் முடித்து உடனே சேர விரும்புபவர், தேவையான அறிவியல் பாடங்களில் பெரும்பகுதியை இரண்டாம் ஆண்டுக்குள்ளேயே படித்து, எம்கேட் தேர்வையும் எழுதத் தயாராக வேண்டும். ஓராண்டுக் கட்டணம் மிச்சமாகும். ஆனால் நல்ல மதிப்பெண் சேர்க்கவும் மருத்துவமனையில் தொண்டு செய்து பழகவும் காலம் போதாது. "மூன்றாண்டில் முடி, பட்டம் வாங்கியபின் நிதானமாக விண்ணப்பம் போடு" என்றேன்.

முந்தி ஓடி வென்றவர்களும் உண்டு. 1977இல் வேலூரில் பிறந்த பாலமுரளி அம்பட்டி, நியூயார்க் பல்கலைக்கழகப் பட்டத்தை 13 வயதில் பெற்றார். 1995இல், 17 வயதில், மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் தேறி உலகின் மிக இளைய மருத்துவர் எனப் பெயர் பெற்றார். பின்னர் கண் மருத்துவரானார். அவர் மருத்துவராகிய அந்த 17 வயதில்தான் நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். தொடங்கவே முடியும்.

இங்கே பட்டம் தேவையில்லை. ரூயா, எஸ்.ஐ.இ.எஸ். போன்ற கல்லூரிகளின் ஜூனியர் காலேஜில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து 12ஆம் வகுப்புத் தேறி, நீட் எழுதினால் போதும். படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. ஆனால் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்போ 2022இல் நீக்கப்பட்டுவிட்டது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மகனுக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்கு 'டபுள் புரமோஷன்' கிடைத்தபோது தெரு முழுவதும் இனிப்பு வழங்கினேன். அவன் பிறந்தது ஜனவரி முதல் வாரம். 12ஆம் வகுப்பு முடித்த ஆண்டில், 17 நிறையச் சில நாட்கள் குறைந்தன. நண்பர்கள் நீட் எழுதப் போனபோது அவன் வீட்டில் இருந்தான். தாண்டிய ஓராண்டு அப்படியே திரும்பப் போயிற்று. அந்த ஆண்டில் அவசரமாகப் படித்திருந்த இயற்பியலை முதலிலிருந்து படித்து, மறு ஆண்டு தேறினான்.

பெற்றோர்களே, வகுப்பைத் தாண்டச் சம்மதித்துக் கையெழுத்திடுமுன், பிள்ளையின் பிறந்த தேதியை எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். நான் பார்க்கத் தவறினேன்.