பல்லுக்குக் கம்பி: பெற்றோர் அறிய வேண்டியவை

எமது ஆலயத்தில் வெள்ளிக்கிழமைப் பூசையில் பஞ்சபுராணம் ஓதும் பிள்ளைகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பலர் வாய் நிறையப் பாடுவர். ஓரிருவர் கையால் வாயை மறைத்தபடி பாடுவர். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். அது கூச்சம் என்றே நாம் பல காலம் எண்ணியிருந்தோம். பல்லை மறைக்கிறாள் என்பது பிந்தியே விளங்கியது. நாம் பல் வைத்தியர் அல்லர். கணக்கு எழுதிப் பிழைப்பவர். ஆயினும் அந்தப் பிந்தலால் நாம் படித்த பாடம் மற்றக் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று இதனை எழுதுகின்றோம். இதில் கூறப்படும் விதிகள் நாம் வாழும் இங்கிலாந்துக்கு உரியவை.

கம்பி எதற்கு?

"கம்பி போடுவது அழகுக்குத்தானே, கலியாணப் பேச்சு வரும்போது பார்க்கலாம்" என்று சொல்வோர் நம்மிடையே அதிகம். தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்லும் அம்மம்மாமாரும் உண்டு. ஒரு பல் சற்றுச் சரிந்திருப்பதால் பெரிய தீங்கில்லை. நாம் இங்கு பேசுவது கடியைப் பற்றி. பேணியை மூடி மூடுவதுபோல, மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசைக்குச் சற்று வெளியே நின்று மூட வேண்டும். மேற்பற்கள் அதிகம் முன்தள்ளி நின்றால், பிள்ளை விழும்போது அவை உடையும் வாய்ப்புக் கூடுகிறது. கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தில் குத்தினால் முரசு புண்படும். கீழ்த்தாடை முன்னே நின்றால் கடித்து உண்பதே சிரமமாகும். சில பிள்ளைகளுக்கு வேட்டைப்பல் வெளியே வராமல் அண்ணத்துள் புதைந்து, பக்கத்துப் பல்லின் வேரை அரித்துவிடும். இது கண்ணாடியில் தெரியாது. 10 வயதளவில் பல் வைத்தியர் முரசை விரலால் தடவிப் பார்ப்பது இதற்காகவே.

கம்பி எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு பல்லிலும் பிறக்கெற் எனப்படும் சிறு துண்டு ஒட்டப்படும். அமிலத்தால் பல்லின் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்பதை 1955இல் அமெரிக்கரான மைக்கேல் புவோனோகோர் வெளியிட்டார். அதன் பயனாகவே இன்று பிறக்கெற்றை நேரே ஒட்ட முடிகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் உலோக வளையம் மாட்டுவார்கள்.

பிறக்கெற்றின் நடுவிலுள்ள தவாளிப்பினூடாகக் கம்பி ஓடும். முதலில் போடுவது பெரும்பாலும் நிக்கலும் ரைற்றேனியமும் கலந்த மெல்லிய கம்பி. அதனை எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்ப முயலும். அந்த முயற்சியே பல்லை இழுக்கிறது. பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் மெல்லிய இழையம் ஒன்று உண்டு. பல் தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு கரையும். அது விட்டு வந்த பக்கத்தில் புதிய எலும்பு உருவாகும். இவ்வாறு மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் பல் நகரும். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் வேர் குறுகும் ஆபத்து உண்டு. ஆகவேதான் சிகிச்சை வழக்கமாக 18 முதல் 24 மாதம் வரை நீள்கிறது. பின்னர் உருக்குக் கம்பியும், மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் இணைக்கும் இறப்பர் வளையங்களும் சேர்ந்து கடியைச் சரிசெய்யும். பிள்ளை இறப்பரைப் போடாமல் விட்டால் அந்த வேலை நின்றுவிடும்.

கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும் பிள்ளைக்குக் கம்பிக்கு முன்னதாக ருவின் புளொக் எனும் கழற்றிப் போடும் கருவியைக் கொடுப்பதுண்டு. இதனை ஸ்கொட்லாந்தில் வில்லியம் கிளார்க் என்ற பல் வைத்தியர் 1977இல் உருவாக்கினார். இது வளரும் வயதிலேயே நல்ல பலன் தரும். வளர்ச்சி முடிந்தபின் பெரிய தாடைக் குறைபாட்டுக்குக் கம்பியோடு சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம்.

காலமும் கணக்கும்

இங்கே என்.எச்.எஸ். சேவை, தேவையை 1 முதல் 5 வரையான படிகளாகப் பிரித்து அளக்கிறது. 4, 5 ஆம் படியில் உள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சிகிச்சை இலவசம். 3 ஆம் படியில் இருந்தால், தோற்றத்தையும் 10 படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வர். மேற்பல் 6 மில்லிமீற்றருக்கு மேல் முன்தள்ளியிருப்பது 4 ஆம் படி. 9 மில்லிமீற்றரைக் கடந்தால் 5. அகதி விண்ணப்பம் முடிவாகாத குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்தச் சிகிச்சை உண்டு. "விசா வரட்டும்" என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் மகளுக்கு 12 வயதில் பல் வைத்தியர் நிபுணரிடம் அனுப்புவதாகச் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் பெயரும் பதிந்தார்கள். அக்காலத்தில் கடித உறை என்றாலே எமக்கு நெஞ்சு பதறும். வழக்குச் சம்பந்தமான கடிதங்களை மட்டும் உடைத்தோம். மற்றவை மேசையில் குவிந்தன. இன்னும் சிகிச்சை வேண்டுமா என்று கேட்டு வந்த கடிதமும் அதற்குள் கிடந்தது. பதில் போகாததால் பெயர் நீங்கிற்று. 17 வயதில் மீண்டும் விண்ணப்பித்தோம். முறை வருமுன் 18 முடிந்துவிட்டது. இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கான பவுணைத் தவணையாகக் கட்டினோம். பணம் போனதைவிட, அந்த ஆறு ஆண்டுகள் அவள் கையால் வாயை மறைத்தபடி இருந்தாள் என்பதே எமக்கு இன்றும் உறுத்துகிறது. ஊரார் கணக்கையெல்லாம் திகதி தவறாமல் முடித்துக் கொடுக்கும் நாம், சொந்தப் பிள்ளையின் திகதியைத் தவறவிட்டோம்.

நல்ல பல்லைப் பிடுங்குவதா?

இடம் போதாத வாயில் இரண்டு அல்லது நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்க வேண்டும் என்று சில வேளை சொல்வார்கள். பழுதில்லாத பல்லைப் பிடுங்குவதா என்று வீட்டில் பெரிய வழக்கே நடக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையில்லை. தேவை என்றால் ஏன், பிடுங்காமல் செய்தால் என்ன ஆகும் என்று நிபுணரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆங்கிலம் தடையாக இருந்தால், திகதி எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். தனக்குப் பயமானதை அது சொல்லாமல் விட்டுவிடும்.

கம்பியோடு இருக்கும் நாட்களில்

முறுக்கு, பகோடா, கச்சான், எள்ளுருண்டை, கற்கண்டு, பொங்கலுக்குக் கடிக்கும் கரும்பு ஆகியவை பிறக்கெற்றை உடைக்கும். தொதல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பிறக்கெற் கழன்றால் அந்தப் பல்லின் வேலை பின்தள்ளிப் போகும். பிரசாதத்தை மறுக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போய் மென்மையானதை உண்ணலாம். மோதகம் உண்டபின் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். கறியிலுள்ள மஞ்சள் நிறமற்ற இறப்பர்களில் சாயமாக ஏறும். அது பல்லைக் கெடுக்காது. அடுத்த தடவை இறப்பரை மாற்றும்போது போய்விடும்.

பெரிய ஆபத்து இனிப்புப் பானமும் சரியாகத் துலக்காத பல்லும்தான். பிறக்கெற்றைச் சுற்றி அழுக்குத் தங்கினால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும். கம்பி போனபின்னும் அது போகாது. 1,350 முதல் 1,500 பிபிஎம் வரை புளோரைட் உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்கி, கம்பியின் அடியில் சிறு பிறஷை விட்டு எடுக்க வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர்விட்டு அலசக் கூடாது.

கழற்றிய பின்னர்

கம்பி கழற்றிய நாளோடு கணக்கு முடிந்தது என்று நாமும் நினைத்தோம். அது தவறு. பல் தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது ரிற்றெய்னர். பல்லின் உட்புறம் ஒட்டும் கம்பியாகவோ, இரவில் போடும் கண்ணாடி போன்ற உறையாகவோ அது இருக்கும். பற்கள் நேராக நிற்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரைக்கும் அதனைப் போட வேண்டும். கொதிநீரில் கழுவினால் உறை கோணிவிடும். உணவருந்தும்போது கடதாசியில் சுற்றி வைத்தால், கோப்பையோடு குப்பைக்குப் போய்விடும். எங்கள் மகளின் முதல் ரிற்றெய்னர் அன்னதான மண்டபத்தில் அப்படித்தான் போனது. அதற்கென்று சிறு பெட்டி ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள்.

ஆகவே அன்பர்களே, வீட்டில் 10 வயதுப் பிள்ளை இருந்தால் இந்த மாதமே பல் வைத்தியரிடம் காட்டி, "கடி சரியா, வேட்டைப்பல் தெரிகிறதா, நிபுணரிடம் அனுப்ப வேண்டுமா" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை அறிவியுங்கள். வரும் கடிதங்களை உடைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் எல்லோரும் கையை எடுத்துவிட்டு வாய் நிறையத் தேவாரம் பாட இறைவன் அருள்வானாக.