லைன் வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு: திருப்பூர் கணக்கு

"சைட் வாங்கிட்டேன், வீடு எப்படிக் கட்டுறது?" திருப்பூர்ல வேலை பார்க்கிற பசங்க அடிக்கடி கேட்கிற கேள்வி. பிளானுக்கு முன்னாடி ஊரோட கதையைப் பாருங்க.

பனியன் தொழில் வளர வளர ஆள் வரத்து கூடுச்சு. பழைய நகர எல்லைக்குள்ளேயே 2001-ல் சுமார் 3.4 லட்சமா இருந்த மக்கள்தொகை 2011-ல் 4.4 லட்சம். அந்தக் காலத்து ஆள் வீடு கட்டினா முன்னாடி தனக்கு ஒண்ணு, பின்னாடி வரிசையா லைன் வீடு. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. வசதி குறைச்சல்தான், ஆனா மாசா மாசம் வாடகை வரும். அடுத்த தலைமுறை அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் பக்கம் சைட் பிரிச்ச இடங்கள்ல தனி வீடு கட்டுது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, அப்ரூவல் இல்லாத சைட்டைத் தொடவே யோசிக்கிறாங்க. நல்லதுதான்.

இப்போ வரி. லைன் வீடு வருமானம் தரும் சொத்து. நீங்க கட்டுற தனி வீடு முழுக்க செலவு. புதிய வரி முறையில, குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது. வாடகைக்கு விட்ட பகுதிக்கு உண்டு. 30 லட்சம் கடன், 8.5% வட்டின்னா முதல் வருஷ வட்டி சுமார் 2.5 லட்சம். மாடியை 8,000-க்கு விட்டா வருஷத்துக்கு 96,000. அதில் 30% நேரடிக் கழிவு போக 67,200. மாடி பாதி வீடுன்னா அதன் பங்கு வட்டி 1.25 லட்சம், வாடகைக்கு வரியே வராது. மிச்ச வட்டியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

அதனால என் ஓட்டு கீழே நீங்க, மேலே ஒரு போர்ஷன். 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம்னா 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

பழைய வரி முறையில இருக்கிறவங்க காலண்டரைப் பாருங்க. கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள வீடு முடியலைன்னா, 2 லட்சம் வட்டிக் கழிவு 30,000-ஆகச் சுருங்கும். வெறும் சைட்டுக்கு வாங்கின கடனுக்கு, வீடு எழும்புற வரைக்கும் எதுவும் இல்லை.

மேஸ்திரிகிட்ட கூலி மட்டும் பேசி ஒரே குடும்பத்துக்கான தனி வீடு கட்டினா அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி இல்லை. பொருளோட சேர்த்து, பதிவு பெற்ற காண்ட்ராக்டர்கிட்ட விட்டா 18%. மாடியைத் தனி வீடாப் போடுறீங்கன்னா, அந்தக் கூலி விலக்கு கிடைக்குமான்னு ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.