ஆர்டர் போடுமுன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பம்பு காஸ்டிங்கை இந்த ஆண்டும் அதே ஃபவுண்டரிக்குக் கொடுக்கலாமா, வெளியிலும் விலை கேட்கலாமா என்று கேட்டிருந்தாய். உறவை விடாதே, அந்த ஒரு இடத்தை மட்டும் நம்பியும் இருக்காதே.

பழகிய இடத்தின் அருமை கொட்டேஷனில் தெரியாது. எந்த மூலையில் புளோ ஹோல் என்ற காற்றுத்துளை விழும், மெஷினிங்குக்கு எவ்வளவு கனம் விட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குறையுள்ள உருப்படியைச் சண்டையில்லாமல் மாற்றித் தருகிறார்கள். பணம் சற்றுத் தள்ளிப்போனாலும் லோடு வந்துவிடுகிறது. புதியவரிடம் இந்த நம்பிக்கை உருவாக வருடங்கள் ஆகும்.

ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். 1997 பிப்ரவரி 1 அன்று கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான ஒரு சிறிய வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. கையிருப்பு மிகக் குறைவு. சில நாட்களிலேயே உள்நாட்டு டொயோட்டா ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோயின. ஆனால், நெடுங்காலம் கூடவே தொழில் செய்த சப்ளையர்கள் விலை பேசி முடிக்கக்கூடக் காத்திராமல் அந்த வால்வைத் தங்கள் மெஷின்களில் செய்யத் தொடங்கினார்கள். ஒரு வார அளவில் உற்பத்தி மீண்டது. நிறுத்தியது ஒரே இடத்தை நம்பிய பழக்கம். மீட்டது பழகிய உறவு.

ஒரே இடத்தை நம்புவதால் வரும் வேறு நஷ்டங்கள் மெதுவாக வரும். வெளியில் விசாரிக்காவிட்டால் சந்தை விலை உனக்கே தெரியாமல் போகும். 'எப்படியும் அங்கேதான் கொடுப்பார்' என்று மற்றவர்கள் உனக்கு விலை சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். முகதாட்சண்யத்தில் தரக்குறைவைச் சொல்லவும் தயங்குவாய்.

உறவு இருக்கும்போதே சொந்தக் காலில் நிற்பதற்கு ஓசூர் டிவிஎஸ் மோட்டார் நிறுவனத்தைப் பார். 1980-களிலிருந்து சுசுகியோடு கூட்டாகத் தொழில் செய்து, 2001-இல் பிரிந்தது. அதே ஆண்டில் தானே வடிவமைத்த விக்டர் மோட்டார் சைக்கிளை இறக்கியது. கூட்டு இருந்தபோதே சொந்தத் திறமையை வளர்த்திருக்காவிட்டால் இது நடந்திருக்குமா?

ஆகவே பெரும்பங்கு ஆர்டரைப் பழைய இடத்துக்கே கொடு. சிறு பங்கை இன்னொரு ஃபவுண்டரிக்குப் பிரித்துக் கொடு. வார்ப்புக்கான பேட்டர்ன் உன் சொத்து என்பதை எழுத்தில் வாங்கு. டிராயிங் உன் கையில் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை வெளியில் விலை கேள். கேட்கப்போவதைப் பழைய ஃபவுண்டரியின் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மறைத்துக் கேட்டு அது பின்னால் தெரியவந்தால் அவர் மனம் முறியும்.

இந்த ஆர்டரைப் போடுமுன் அவரை நேரில் பார்த்துப் பேசு. போனில் சொல்லாதே.

அன்புடன்,
மாமா